ஒற்றை நொதி மூலக்கூறின் காத்திருப்பு நேரங்கள்: புள்ளியியல் பகுப்பாய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1913இல் லியோனர் மிக்கேலிஸும் மோட் மென்டனும் பெர்லினில் இன்வெர்டேஸ் நொதியைக் கொண்டு, நொதி மாற்றும் பொருளின் (தளப்பொருளின்) செறிவோடு வினையின் வேகம் எவ்வாறு மாறும் என்று கூறும் தங்கள் சமன்பாட்டை நிறுவியபோது, அவர்களுடைய குடுவையில் கோடானுகோடி நொதி மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் சுக்ரோஸை உடைத்துக்கொண்டிருந்தன. அளக்க முடிந்தது அந்தக் கூட்டத்தின் சராசரி வேகம் மட்டுமே. ஒரே ஒரு மூலக்கூறை நோக்கும் ஆய்வில் வேகம் என்ற தொடர்ச்சியான அளவே இல்லை. ஒரு விளைபொருள் தோன்றுகிறது. சிறிது நேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. அடுத்த விளைபொருள் தோன்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு நேரமே நம் கையில் கிடைக்கும் தரவு. அது ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். வேறாக இருப்பதில்தான் செய்தியும் இருக்கிறது.

1961இல் போரிஸ் ராட்மன் பீட்டா-காலக்டோசிடேஸ் மூலக்கூறுகளை நுண்துளிகளுக்குள் அடைத்து, ஒளிரும் விளைபொருளின் சேர்க்கையைக் கொண்டு தனி மூலக்கூறுகளின் செயல்பாட்டை அளந்தார். 1998இல் லூ, ஷுன், ஷீ ஆகிய மூவரும் கொலஸ்டிரால் ஆக்சிடேஸின் வினைச் சுழற்சிகளை ஒவ்வொன்றாக நேரில் கண்டனர். அந்நொதியிலுள்ள எஃப்.ஏ.டி. என்ற துணைக்கூறு ஆக்சிஜனேற்ற நிலையில் ஒளிரும், ஒடுக்க நிலையில் ஒளிராது. ஆகவே நொதியே தன் நிலையை ஒளியாலும் இருளாலும் அறிவித்தது. 2006இல் ஹார்வர்டில் ஷீயின் குழு பீட்டா-காலக்டோசிடேஸின் தனித்தனி வினைகளைப் பதிவுசெய்து, சராசரிக் காத்திருப்பின் தலைகீழ் மிக்கேலிஸ்-மென்டன் வடிவத்தையே பின்பற்றுகிறது என்றும், காத்திருப்பு நேரங்களின் பரவல் வடிவம் எளிய மாதிரி கூறுவதிலிருந்து விலகுகிறது என்றும் காட்டியது.

பரவலின் வடிவத்திலிருந்து நொதியைப் பற்றி ஏதேனும் கூறுவதற்கு முன், அந்தக் காத்திருப்பு நேரங்கள் மூலத்தரவிலிருந்து எவ்வாறு வெட்டியெடுக்கப்பட்டன என்பதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஒளிப்படக் கருவியின் வேகம், சாயம் வெளுத்துப்போதல், இரைச்சல், வெட்டு வரம்பு ஆகிய நான்கும் பரவலை வளைக்கக்கூடியவை. அவற்றின் வளைவை நொதியின் குணம் என்று எண்ணிவிடுவதே இத்துறையில் மிகப் பரவலான பிழை என்பது என் கருத்து. கீழ்வரும் படிகளின் வரிசை இந்தக் கருத்திலிருந்து எழுந்ததே.

படி 1: எளிய மாதிரி என்ன எதிர்பார்க்கிறது என்பதை எண்களில் எழுதுக

ஒரு நொதி, வினை நிகழும் இடமான ஒரு கிளர்வு மையம், மூன்று வேகங்கள் என்று தொடங்குவோம். தளப்பொருள் வந்து சேரும் வேகத்தைப் பிணைப்பு என்றும், வினை நிகழாமலே அது கழன்றுபோகும் வேகத்தை விலகல் என்றும், விளைபொருளாக மாறும் வேகத்தை ஊக்கம் என்றும் அழைப்போம். இவற்றுள் பிணைப்பு மட்டும் தளப்பொருளின் செறிவுக்கு நேர்விகிதத்தில் மாறும். அப்போது:

சராசரிக் காத்திருப்பு = (பிணைப்பு + விலகல் + ஊக்கம்) ÷ (பிணைப்பு × ஊக்கம்)

இதன் தலைகீழை எடுத்தால் பழைய மிக்கேலிஸ்-மென்டன் சமன்பாடே வந்து நிற்கும். 2005இல் கூவும் ஷீயும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பின்னி செறயிலும் பிறரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த ஒற்றை மூலக்கூறு வடிவத்தை விரிவாக நிறுவியது.

கையால் சரிபார்க்கத்தக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டை இறுதிவரை பயன்படுத்துவோம். தளப்பொருள் செறிவு 100 மைக்ரோமோலார். அச்செறிவில் பிணைப்பு வினாடிக்கு 10, விலகல் வினாடிக்கு 5, ஊக்கம் வினாடிக்கு 10. சராசரிக் காத்திருப்பு 25 ÷ 100, அதாவது 0.25 வினாடி. வேகம் தன் உச்சத்தில் பாதியாகும் செறிவான மிக்கேலிஸ் மாறிலி 150 மைக்ரோமோலார். காத்திருப்பு நேரத்தின் பரவல் சுழியிலிருந்து எழுந்து, ஏறத்தாழ 92 மில்லிவினாடியில் உச்சம் தொட்டு, பிறகு சரியும். கணிதப்படி அது வினாடிக்கு 20 என்றும் வினாடிக்கு 5 என்றும் தேயும், எக்ஸ்பொனென்ஷியல் எனப்படும் இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளின் வேறுபாடு.

பொருத்திப் பார்க்கும்போது கிடைக்கும் இந்த 20, 5 ஆகிய எண்களில் எதுவும் தனியொரு வினைப்படியின் வேகம் அன்று. விலகலும் 5, தேய்வு வேகங்களில் ஒன்றும் 5 என்பது இந்த எண்களில் தற்செயலாக நேர்ந்த பொருத்தம். விலகலை 6 ஆக மாற்றினால் அது குலைந்துவிடும். உண்மையான தொடர்பு வேறு: இரு தேய்வு வேகங்களின் கூட்டுத்தொகை மூன்று வேகங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம், அவற்றின் பெருக்கற்பலன் பிணைப்பையும் ஊக்கத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம். இரண்டு எண்களைக் கொண்டு மூன்று தெரியா அளவுகளைக் கண்டறிய இயலாது. ஆகவே ஒரே செறிவில் எத்தனை ஆயிரம் நிகழ்வுகளைத் திரட்டினாலும் மூன்று வேகங்களும் தனித்தனியே பிரிந்து வரமாட்டா. குறைந்தது மூன்று செறிவுகளாவது வேண்டும்: மிக்கேலிஸ் மாறிலிக்கு மிகக் கீழே ஒன்று, அதை ஒட்டி ஒன்று, மிக மேலே ஒன்று. பரிசோதனையைத் திட்டமிடும் நாளிலேயே இது முடிவாக வேண்டும்.

படி 2: செயற்கைத் தரவை முதலில் உருவாக்குக

1977இல் டேனியல் கில்லெஸ்பி விவரித்த வழிமுறையைக் கொண்டு மேற்கண்ட மூன்று வேகங்களுடைய நொதியைக் கணினியில் ஓடவிடுவது பைத்தானிலோ ஆர் மொழியிலோ சில பத்து வரிகளில் முடிந்துவிடும். நிலை ஒவ்வொன்றிலும் வெளியேறும் வேகங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு உரிய அடுக்குக்குறிப் பரவலிலிருந்து ஒரு நேரத்தை எடுத்து, வேகங்களின் விகிதப்படி அடுத்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பயன் தருவது அதற்கு அடுத்த வேலை. இந்த மாசற்ற நிகழ்வுத் தொடரை உங்கள் கருவி எவ்வாறு காணுமோ அவ்வாறே கெடுத்துப் பாருங்கள். ஒரு படச்சட்டத்தின் நீளத்துக்குள் வந்த ஒளியன்களைக் கூட்டி, பாய்சான் இரைச்சலையும் கருவியின் வாசிப்பு இரைச்சலையும் சேர்த்து, பின்னணி ஒளியை ஏற்றி, ஓர் அடுக்குக்குறி நேரத்தில் சாயம் வெளுத்துப்போகுமாறு, ஒளியளவின் நேரத் தொடரான தடத்தை முடித்துவிடுங்கள். பிறகு உண்மைத் தரவுக்குச் செய்ய நினைக்கும் பகுப்பாய்வு முழுவதையும் இந்தப் போலித் தரவின் மேல் ஒருமுறை செய்யுங்கள். வினாடிக்கு 10, 5, 10 என்று நீங்களே இட்ட எண்கள் திரும்பி வராவிட்டால், உண்மைத் தரவிலிருந்து வரும் எண்களுக்கும் பொருளில்லை.

படி 3: ஒளித்தடத்திலிருந்து நிகழ்வுகளைப் பிரித்தெடுத்தல்

எந்த வகைச் சமிக்ஞை என்பதைப் பொறுத்து இந்தப் படி மாறுபடும். எஃப்.ஏ.டி. போன்ற ஒளிர்-இருள் சமிக்ஞையில் இரண்டு வகைக் காத்திருப்புகள் தனித்தனியே கிடைக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகவே பகுப்பாய வேண்டும். ஒளிராத தளப்பொருள் ஒளிரும் விளைபொருளாக மாறும் முறையில், ஒவ்வொரு வினையும் ஒரு சிறு ஒளித்துடிப்பாகத் தோன்றி, விளைபொருள் பரவி விலகியவுடன் மறைகிறது; இங்கே துடிப்பிலிருந்து துடிப்பு வரையிலான இடைவெளியே தரவு. லேசர் இடுக்கியில் கைனீசின் போன்ற மூலக்கூறு எந்திரத்தைப் பார்க்கும்போது 8 நானோமீட்டர் தாவல்கள் படிக்கட்டுகளாகத் தெரியும்.

ஒளித்துடிப்புகளுக்கு வெட்டு வரம்பு வைப்பதே வழக்கம்: குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒளியன்கள் வந்தால் நிகழ்வு, இல்லையேல் இல்லை. வரம்பு தாழ்வாக இருந்தால் இரைச்சலே நிகழ்வாகப் பதிவாகி, நீண்ட காத்திருப்புகள் துண்டாகிக் குறுகிய காத்திருப்புகள் பெருகும். வரம்பு உயரமாக இருந்தால் உண்மை நிகழ்வுகள் விடுபட்டு, அடுத்தடுத்த இரண்டு காத்திருப்புகள் ஒட்டிக்கொண்டு ஒரு நீண்ட காத்திருப்பாகிவிடும். இவ்விரண்டும் ஒரே தடத்தில் சேர்ந்து நிகழும்போது, குறுகியவை மிகுந்தும் நீண்டவை மிகுந்தும் ஒரு பரவல் உருவாகும். அது பார்ப்பதற்கு முதலில் விரைந்தும் பிறகு மெதுவாகவும் தேயும் நீட்டப்பட்ட அடுக்குக்குறிச் சார்பைப் போலவே இருக்கும். 2012இல் ஆல்ஃபா-கைமோட்ரிப்சினைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வு, நொதி தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் உள்மாற்றத்துக்குச் சான்றாகக் கருதப்பட்டுவந்த இத்தகைய வடிவம் வரம்புமுறையாலேயே உண்டாகக்கூடும் என்று எச்சரித்தது. இந்த எச்சரிக்கைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே நடைமுறையில் இரண்டு பழக்கங்கள் உதவும். ஒன்று, ஒற்றை வரம்புக்குப் பதிலாக இரட்டை வரம்பு: நிகழ்வு தொடங்கியதாகக் கொள்ள உயர்ந்த ஒரு மதிப்பு, முடிந்ததாகக் கொள்ளத் தாழ்ந்த ஒரு மதிப்பு. எல்லையருகே சமிக்ஞை நடுங்குவதால் வரும் போலி நிகழ்வுகள் இதனால் பெருமளவு குறையும். மற்றொன்று, வரம்பை இருபுறமும் 20 விழுக்காடு நகர்த்தி முழுப் பகுப்பாய்வையும் மறுபடி செய்தல். வரம்போடு சேர்ந்து முடிவும் நகர்ந்தால், அந்த முடிவு வரம்பைப் பற்றியதேயன்றி நொதியைப் பற்றியதன்று. நொதி இல்லாமல் தளப்பொருள் மட்டும் உள்ள கட்டுப்பாட்டுப் பதிவில் அதே வரம்பு எத்தனை நிகழ்வுகளைக் காட்டுகிறது என்பதையும் எண்ணி வைக்க வேண்டும். தளப்பொருள் தானாக நீராற்பகுப்படைந்து உண்டாகும் பின்னணியை அறிய வேறு நேரடி வழியில்லை.

இரைச்சல் மிகுந்த, நிலைகள் தெளிவாகப் பிரியாத தடங்களுக்கு, இரைச்சலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நிலைகளை நிகழ்தகவால் ஊகிக்கும் மறைநிலை மார்க்கோவ் மாதிரி சிறந்தது. ஒற்றை மூலக்கூறு ஒளிர்வுத் தடங்களுக்கு இதை 2006இல் மெக்கின்னி, ஜூ, ஹா ஆகியோர் பரவலாக்கினர். பாம்-வெல்ச் வழிமுறை நிலைமாற்ற நிகழ்தகவுகளையும், விட்டர்பி வழிமுறை மிக வாய்ப்புள்ள நிலைத் தொடரையும் தருகின்றன. ஒரு படச்சட்டத்துக்கான மாற்ற நிகழ்தகவை நேரத்தால் வகுத்து அதையே வேகம் எனக் கொள்வது மாற்றங்கள் அரிதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும்; பொதுவாக, ஒன்றிலிருந்து அந்நிகழ்தகவைக் கழித்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி, பிறகு படச்சட்ட நீளத்தால் வகுக்க வேண்டும்.

இம்மாதிரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் தங்கும் நேரம் அடுக்குக்குறிப் பரவலாக இருக்கும் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்த மாதிரி பிரித்துத் தந்த நேரங்களைக் கொண்டே பரவல் அடுக்குக்குறி வடிவம்தானா என்று சோதிப்பது, விடையை வினாவுக்குள் வைத்துவிட்டுத் தேடுவதாகும். வடிவமே கேள்வி என்றால் மறைநிலை மாதிரியோடு வரம்புமுறையையும் பயன்படுத்தி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும்.

படி 4: குருட்டு நேரமும் முற்றுப்பெறாத காத்திருப்புகளும்

கருவி காண இயலாத குறுகிய கால அளவைக் குருட்டு நேரம் என்போம். 20 மில்லிவினாடிப் படச்சட்டத்தில் இரண்டு சட்டங்களுக்குக் குறைவான இடைவெளிகளை நம்பக்கூடாது என்று வைத்தால் குருட்டு நேரம் 40 மில்லிவினாடி. நம் எடுத்துக்காட்டில் இதனால் இழப்பது ஏறத்தாழ 6 விழுக்காடு. குருட்டு நேரம் 100 மில்லிவினாடி என்றால் இழப்பு 24 விழுக்காட்டை நெருங்கும். அத்தோடு உச்சத்துக்கு முந்தைய ஏறுமுகம் முழுவதும் மறைந்துவிடும். இடைநிலை ஒன்று இருப்பதற்கான நேரடிச் சான்றே அந்த ஏறுமுகம்தான். பல ஆய்வுகளில் பரவல் வெறும் சரிவாகத் தெரிவதற்கு நொதி எளியது என்பது காரணமாக இருக்கவேண்டியதில்லை. கருவி மெதுவானது என்பதும் காரணமாகலாம்.

பரவல் தனி அடுக்குக்குறி வடிவமுடையது என்றால் திருத்தம் எளிது: அளந்த சராசரியிலிருந்து குருட்டு நேரத்தைக் கழித்துப் பிறகு தலைகீழாக்க வேண்டும். 100 மில்லிவினாடிக்கு மேற்பட்டவற்றின் சராசரி 300 மில்லிவினாடி என்றால் உண்மை வேகம் வினாடிக்கு 5. கழிக்காமல் விட்டால் வினாடிக்கு 3.3 என்று தவறாக வரும். விடுபட்ட குறுகிய நிகழ்வு தன் இருபுறமும் உள்ள காத்திருப்புகளை ஒன்றாக ஒட்டிவிடும் சிக்கலுக்கு இத்திருத்தம் போதாது. நரம்பணுச் சவ்வின் அயனிக் கால்வாய்களை ஆய்ந்தவர்கள் இதை முன்பே சந்தித்திருக்கிறார்கள்; கொல்குஹூன், ஹாக்ஸ் ஆகியோர் உருவாக்கிய கோட்பாடு இங்கும் அப்படியே பொருந்தும்.

மறுபுறம், சாயம் வெளுத்தோ பதிவு முடிந்தோ பாதியில் நின்றுவிடும் காத்திருப்புகள் இருக்கின்றன. அவற்றைக் குப்பையில் போடுவதே பலரது வழக்கம். அது வேகத்தை மிகையாக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: முழுமையான 200 காத்திருப்புகளின் கூட்டுத்தொகை 40 வினாடி, பாதியில் நின்ற 50 காத்திருப்புகளின் கூட்டுத்தொகை 20 வினாடி. பின்னவற்றை ஒதுக்கினால் வினாடிக்கு 5. அடுக்குக்குறிப் பரவலுக்கான சரியான மதிப்பீடு, முழுமையான நிகழ்வுகளின் எண்ணிக்கையை எல்லா நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது: 200 ÷ 60, அதாவது வினாடிக்கு 3.3. முன்னது உண்மையை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. நீண்ட காத்திருப்புகளே பாதியில் நிற்க அதிக வாய்ப்புள்ளவை என்பதால் பரவலின் வாலும் வெட்டுப்பட்டுவிடும். மருத்துவப் புள்ளியியலில் 1958இல் காப்லானும் மேயரும் தந்த எஞ்சல் சார்பு (ஒரு காத்திருப்பு குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டியும் நீளும் நிகழ்தகவு) மதிப்பீடு இத்தகைய தரவுக்கென்றே அமைந்தது. இங்கே தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு தடத்தின் முதல் காத்திருப்பையும் ஒதுக்கிவைப்பது நல்லது. அது பதிவு தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

படி 5: பரவலைக் கண்ணால் பார்த்தல்

சமநீளக் கட்டங்கள் கொண்ட நிகழ்வுச் செவ்வகப்படம் விரிந்த நேர எல்லைக்குப் பொருந்தாது. 1987இல் சிக்வொர்த்தும் சைனும் பரிந்துரைத்தபடி, நேர அச்சை மடக்கை அளவிலும் எண்ணிக்கையை வர்க்கமூலத்திலும் வரைந்தால், ஒவ்வோர் அடுக்குக்குறிக் கூறும் தன் கால மாறிலியின் இடத்தில் ஒரு மேடாகத் தெரியும். செவ்வகப்படம் பார்ப்பதற்கு மட்டுமே, பொருத்துவதற்கு அன்று.

படி 6: மாறிலிகளை மதிப்பிடுதல்

பொருத்துவதற்கு, கட்டங்களாகத் தொகுக்காத மூல நேரங்களின் மேல் மேக்ஸிமம் லைக்லிஹுட் எனப்படும் மீப்பெரு சாத்திய மதிப்பீட்டைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முழுமையான காத்திருப்பும் பரவலின் அடர்த்தியை அளிக்கிறது. பாதியில் நின்ற ஒவ்வொன்றும் எஞ்சல் சார்பின் மதிப்பை அளிக்கிறது. இரண்டையும் குருட்டு நேரத்துக்குப் பின் எஞ்சும் நிகழ்தகவால் வகுக்க வேண்டும். இவற்றின் மடக்கைகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை உச்சமாக்கும் வேகங்களைத் தேட வேண்டும். ஒட்டிக்கொண்ட காத்திருப்புகளுக்கானது நீங்கலாக, படி 4இல் கண்ட திருத்தங்கள் யாவும் இந்த ஒரே சூத்திரத்துக்குள் தாமாக அடங்கிவிடுகின்றன.

தனி அடுக்குக்குறிப் பரவலின் வேகத்துக்கு ஒப்பீட்டுப் பிழை, நிகழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் தலைகீழ்: 100 நிகழ்வுகளில் 10 விழுக்காடு, 400இல் 5 விழுக்காடு. சிக்கலான மாதிரிகளுக்கு 1979இல் எஃப்ரான் முன்வைத்த, தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்துப் பிழையை மதிப்பிடும் பூட்ஸ்ட்ராப் முறையைக் கையாளலாம். ஆனால் மீள்மாதிரி எடுக்கும்போது நிகழ்வுகளை அல்ல, மூலக்கூறுகளையே குலுக்கி எடுக்க வேண்டும். 30 மூலக்கூறுகள் தலா 100 நிகழ்வுகள் தந்திருந்தால் உங்களிடம் ஒன்றையொன்று சாராத 3000 அளவீடுகள் இருப்பதாகக் கொள்ள இயலாது. மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபாடு இருக்குமானால் மாதிரியின் உண்மையான அளவு 30ஐயே நெருங்கும். நம்பிக்கை இடைவெளிகள் நம்ப முடியாத அளவுக்குக் குறுகலாக வெளியாவதற்கு இதுவே முதற்காரணம்.

படி 7: சமவாய்ப்புக் கெழு

பரவற்படியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது சமவாய்ப்புக் கெழு. ஷ்னிட்ஸர், பிளாக் ஆகியோர் கைனீசின் ஆய்வில் இதைத் திறம்படப் பயன்படுத்தினர். ஒரே ஒரு வேகக்கட்டுப்பாட்டுப் படி இருந்தால் கெழு 1. ஒன்றன்பின் ஒன்றாகச் சமவேகப் படிகள் கூடக்கூட அது 1/2, 1/3 எனக் குறையும். ஆகவே கெழுவின் தலைகீழ், சுழற்சியில் குறைந்தது எத்தனை நிலைகள் இருக்க வேண்டும் என்பதற்குக் கீழ்வரம்பாகிறது. கெழு 1ஐத் தாண்டினால் கதை வேறு: இணையான பாதைகளோ, மாறுபடும் மூலக்கூறுகளோ, பிரித்தெடுப்புப் பிழையோ இருக்கிறது.

மூன்று வேக மாதிரிக்கு:

கெழு = 1 − (2 × பிணைப்பு × ஊக்கம்) ÷ (மூன்று வேகங்களின் கூட்டுத்தொகை)²

நம் எடுத்துக்காட்டில் 100 மைக்ரோமோலாரில் இது 0.68. செறிவைப் பத்தில் ஒன்றாக்கினால் 0.92, பத்து மடங்காக்கினால் 0.85. இரு ஓரங்களிலும் ஒரே படி நேரத்தை ஆள்வதால் கெழு 1ஐ நோக்கிச் செல்கிறது. நடுவில் இரண்டு படிகளும் போட்டியிடுவதால் பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் ஆழமும் இடமும் வினைவழியைப் பற்றிச் சராசரி வேகம் ஒருபோதும் கூறாதவற்றைக் கூறும். மொஃபிட், செம்லா, புஸ்டமாண்டே ஆகியோர் 2010இல் இந்தச் செறிவுச் சார்பைப் பொதுவான வகைப்பாடாக விரித்தனர்.

எனினும் பரவற்படி போன்ற, வர்க்கங்களைச் சார்ந்த அளவுகள் தரவைப் பெரிதும் விழுங்கும். தனி அடுக்குக்குறிப் பரவலில் கெழுவின் திட்டப் பிழை, இரண்டை நிகழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 100 நிகழ்வுகளில் அது 0.2. அந்நிலையில் 0.85ஐயும் 1ஐயும் பிரித்தறிய முயல்வது வீண். பிழையை 0.05 ஆக்க 1600 நிகழ்வுகள் வேண்டும். போதாக்குறைக்கு, அரிதான நீண்ட காத்திருப்புகள் சிறு மாதிரிகளில் தோன்றாமல் போவதால் கெழு தாழ்வாகவே மதிப்பிடப்படும். அந்தத் தாழ்வை இல்லாத இடைநிலைகளுக்குச் சான்றாகக் கொண்டுவிடக் கூடாது.

படி 8: மாதிரிகளுக்கு இடையே தேர்வு

தனி அடுக்குக்குறி, தொடர்படி வடிவம், இரண்டு அடுக்குக்குறிகளின் கலவை, நீட்டப்பட்ட அடுக்குக்குறி ஆகியவற்றை, பொருத்தத்தின் தரத்தையும் மாறிலிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் ஏ.ஐ.சி. அல்லது பி.ஐ.சி. மதிப்புகளால் ஒப்பிடலாம். கலவையின் கூறுகள் ஒன்றா இரண்டா என்னும் கேள்விக்கு வழக்கமான கை-வர்க்கச் சோதனையை நம்பலாகாது. கூறு ஒன்றின் எடை சுழியாகும்போது அதன் வேகத்துக்கே பொருளில்லாமல் போவதால் அச்சோதனையின் அடிப்படை தகர்கிறது. எளிய மாதிரியிலிருந்து போலித் தரவுகளை நூற்றுக்கணக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் இரு மாதிரிகளையும் பொருத்தி, உண்மைத் தரவில் கண்ட மேம்பாடு அவற்றில் எத்தனை முறை தற்செயலாகத் தோன்றுகிறது என்று எண்ணுவதே நேர்மையான வழி. படி 2இல் எழுதிய நிரல் இங்கே இரண்டாம் முறை பயன்படும்.

நீட்டப்பட்ட அடுக்குக்குறிச் சார்பு எதற்கும் பொருந்திவிடும் இயல்புடையது. அதற்குப் பின்னால் தெளிவான வினைவழி எதுவும் இல்லாததால், அதை விளக்கமாக அன்றி வருணனையாக மட்டுமே கொள்ள வேண்டும்.

படி 9: நிலைத்த வேறுபாடா, மாறும் வேறுபாடா, நினைவா?

மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நிலைத்திருப்பது நிலைத்த வேறுபாடு. ஒரே மூலக்கூறு காலப்போக்கில் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது மாறும் வேறுபாடு. எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கொட்டி வரைந்த பரவல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

நிலைத்த வேறுபாட்டுக்கு முதலில் ஒரு மனக்கணக்குப் போதும். தலா 100 நிகழ்வுகள் தந்த மூலக்கூறுகள் ஒரே மாதிரியானவை என்றால், எண்ணிக்கைப் பிழையால் மட்டும் அவற்றின் வேகங்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு சிதறும். கண்ட சிதறல் 30 விழுக்காடு என்றால், இரண்டின் வர்க்கங்களையும் கழித்து வர்க்கமூலம் எடுக்க, உண்மை வேறுபாடு ஏறத்தாழ 28 விழுக்காடு. 1995இல் ஷுவேயும் யுங்கும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் மூலக்கூறுகளுக்கு இடையே நான்கு மடங்கு வரை வேறுபாட்டைக் கண்டனர். அது இரண்டு மணி நேரம் மாறாமலும் இருந்தது. ஆனால் 2000இல் மிகத் தூய்மையாக்கப்பட்ட பாக்டீரிய ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் மூலக்கூறுகள் ஒத்த செயல்பாடு உடையனவாகவே காணப்பட்டன. வேறுபாடு புரதத்தின் மடிப்பிலிருந்து வருகிறதா, பாதி சிதைந்த மாதிரியிலிருந்து வருகிறதா என்ற வினாவுக்குப் புள்ளியியல் விடை தராது. தூய்மையாக்கலே தர வேண்டும்.

மாறும் வேறுபாட்டுக்குச் சான்று தன்னொட்டுறவு, அதாவது முந்தைய காத்திருப்பின் நினைவு அடுத்ததிலும் தெரிவது. ஒரே தடத்தில் அடுத்தடுத்த காத்திருப்புகளுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, இரண்டுவிட்டு ஒன்று எனத் தொடர வேண்டும். எளிய மூன்று வேக மாதிரியில் ஒவ்வொரு விளைபொருளுக்குப் பின்னும் நொதி அதே வெற்று நிலைக்குத் திரும்புவதால் ஒட்டுறவு சுழி. கொலஸ்டிரால் ஆக்சிடேஸில் அது சுழியாக இல்லை. ஒரு நீண்ட சுழற்சியைத் தொடர்ந்து மற்றொரு நீண்ட சுழற்சி வர வாய்ப்பு மிகுந்திருந்தது.

இங்கே இரண்டு தடுப்புகளை வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வேறுபட்ட மூலக்கூறுகளின் தடங்களை வரிசையாக ஒட்டிக் கணக்கிட்டால் நிலைத்த வேறுபாடே ஒட்டுறவாக வேடமிடும். ஆதலால் ஒவ்வொரு தடத்திலும் அதன் சராசரியைக் கழித்த பிறகே தொகுக்க வேண்டும். குறுகிய தடங்களில் அவ்வாறு கழிப்பதே ஒட்டுறவைச் சற்று எதிர்மறையாக்கும். எனவே தடத்துக்குள்ளேயே காத்திருப்புகளின் வரிசையை ஆயிரம் முறை கலைத்து, கலைத்தவற்றின் பரவலோடு உண்மை மதிப்பை ஒப்பிட வேண்டும். வரிசையைத் தவிர மற்ற அனைத்தையும் கலைத்தல் அப்படியே காப்பதால், எஞ்சும் வேறுபாடு வரிசையால் மட்டுமே வந்ததாகும். படி 3இல் கூறிய வரம்புச் சோதனையை ஒட்டுறவுக்கும் செய்ய வேண்டும், ஏனெனில் குவியப் புள்ளி மெல்ல விலகினாலே நிகழ்வுகள் தொடர்ச்சியாக விடுபட்டு ஒட்டுறவு பிறக்கும்.

இரண்டாவது தடுப்பு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2011இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆர்த்தி துவாவும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜோய் அதிகாரியும், சோமா சாகா, சோமா கோஷ் ஆகியோரும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர்: ஒரே நொதி இருக்கும்போது காத்திருப்புகள் ஒன்றையொன்று சாராதவை, ஒன்றுக்கு மேற்பட்ட நொதிகள் ஒரே விளைபொருள் வரிசையைத் தரும்போது, எந்த வேக மாறிலியும் மாறாமலேயே காத்திருப்புகளுக்கு இடையே ஒட்டுறவு தோன்றும். இது ஏதோ ஓரப் பிரச்சினை அன்று. பீட்டா-காலக்டோசிடேஸ் நான்கு ஒத்த துணையலகுகளால் ஆனது. நான்கு கிளர்வு மையங்கள் உடையது. அவை தனித்தனியே இயங்கினால், ஒற்றை மூலக்கூறு என்று நாம் அழைப்பது கணக்கின்படி நான்கு நொதிகளின் கூட்டம். ஆகவே பல துணையலகு நொதியில் ஒட்டுறவைக் கண்டவுடன் உள்மாற்றம் என்று எழுதுவதற்கு முன், நான்கு மையங்களையும் மாறாத வேகங்களையும் கொண்டு போலித் தரவு உருவாக்கி, அதில் எவ்வளவு ஒட்டுறவு வருகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும்.

படி 10: எல்லாச் செறிவுகளையும் ஒருசேரப் பொருத்துதல்

ஒவ்வொரு செறிவையும் தனியே பொருத்தி, கிடைத்த மாறிலிகளை மீண்டும் ஒரு வரைபடத்தில் பொருத்தும் இரண்டடுக்கு முறை பிழைகளை மறைத்துவிடும். பிணைப்பு மட்டும் செறிவோடு மாறும், மற்றவை பொதுவானவை என்ற நிபந்தனையோடு எல்லாத் தடங்களின் சாத்திய மடக்கைகளையும் ஒரே கூட்டுத்தொகையாக்கி உச்சமாக்க வேண்டும். குறைந்த செறிவில் தனி அடுக்குக்குறி வடிவமும் மிகுந்த செறிவில் அதிலிருந்து மாறுபாடும் தெரிந்தால், மாறுபடுவது ஊக்கப் படி என்பதற்கு அது வலுவான குறிப்பு. 2006ஆம் ஆண்டின் பீட்டா-காலக்டோசிடேஸ் முடிவுகள் இந்தப் பாங்கிலேயே அமைந்தன. அடுக்குக்குறி வடிவத்திலிருந்து வரும் இந்த மாறுபாடு எல்லாச் செறிவுகளிலும் ஒரே அளவில் இருந்தால் படி 3க்குத் திரும்பி வரம்பை மறுபடி பாருங்கள்.

முடிவுகளை எழுதும்போது மூலக்கூறுகளின் எண்ணிக்கை, மூலக்கூறுக்கு நிகழ்வுகள், படச்சட்ட நீளம், குருட்டு நேரம், பாதியில் நின்ற காத்திருப்புகளின் பங்கு, வரம்பின் மதிப்பு, நொதியில்லாப் பதிவின் பின்னணி வேகம் ஆகியவற்றையும், பிரித்தெடுத்த காத்திருப்புகளோடு மூல ஒளித்தடங்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும். காத்திருப்புகள் மட்டும் இருந்தால், வேறொருவரால் வரம்பை நகர்த்திப் பார்க்க இயலாது.